முட்டை மிதக்கவில்லை, சிப்பி மூழ்கவில்லை: மிதத்தல் பாடத்தில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று இந்தக் கரையோரப் பிள்ளைகளுக்கு மிதப்பதும் மூழ்குவதும் புதுச் செய்தி இல்லை. வலையில் மிதவை எந்தக் கயிற்றில் வரும், ஈயக்குண்டு எந்தக் கயிற்றில் வரும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் “ஏன்?” என்று கேட்டால் “கனமா இருக்கு சார், அதான் மூழ்குது” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதற்கு மேலே கொண்டுபோகலாம் என்று தொட்டியில் தண்ணீர் ஊற்றி உட்கார்ந்தால், பாதிச் சாமான்கள் புத்தகத்தில் உள்ளபடி நடந்துகொள்ளாது. அப்படிச் சிக்கும் இடங்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு. உங்கள் தொட்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இந்தப் பொருள் அடைத்திருக்கும் இடத்தில் வெறும் தண்ணீர் இருந்திருந்தால், அந்தத் தண்ணீரின் எடை எவ்வளவு? பொருளின் எடை அதைவிடக் கூடுதல் என்றால் மூழ்கும், குறைவு என்றால் மிதக்கும். கீழே வரும் கோளாறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தீர்கின்றன. பிள்ளை தப்பாகச் சொன்னால் உடனே வாயால் திருத்த வேண்டாம். தொட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள், மறுபடி கேளுங்கள்.

தேவையான சாமான்

அகலமான பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு ஜாடி, சமையலறைத் தராசு, மூடியுள்ள பெரிய பாட்டில் ஒன்றும் சின்ன பாட்டில் ஒன்றும், காய்ந்த மணல், கல் உப்பு, முட்டை, எவர்சில்வர் கிண்ணம், ரப்பர் பேண்டு. குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர்களில் இந்தப் பாடத்துக்காக அதை வீணாக்க வேண்டியதில்லை, உவர்ப்பான போர் தண்ணீரே போதும். லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பு கூடுதலாக இருப்பதால் தண்ணீரின் எடை ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் மாறும், தொட்டியில் அது கண்ணுக்குத் தெரியாது.

பாடத்தைத் தொட்டியிலேயே வையுங்கள், பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொட்டியை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள்.

“கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்” என்பதிலேயே பிள்ளை நிற்கிறது

இதுதான் எல்லோரிடமும் வருவது. இதைச் சரியாகத் தீர்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது, அதனால் இங்கே நேரம் செலவழியுங்கள். வெறும் சொல்லால் இது போகாது. அந்தப் பிள்ளைக்கு இது பழகிப்போன உண்மை, ஈயக்குண்டு கனம், தெர்மாகோல் லேசு என்று தினமும் பார்க்கிறது.

1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிவரை காய்ந்த மணலை நிரப்பி மூடுங்கள். எடை 800 கிராமை ஒட்டி வரும். 100 மி.லி. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அதே மணலை முழுக்க நிரப்புங்கள். அது 170 கிராம் பக்கம் வரும். இரண்டையும் பிள்ளையின் இரண்டு கையில் கொடுத்து எது மூழ்கும் என்று கேளுங்கள். பெரிய பாட்டில் என்றுதான் சொல்லும். போட்டுப் பார்த்தால் 800 கிராம் மிதக்கும், 170 கிராம் அடியில் போய் உட்காரும். இந்த இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். பிள்ளைகளே சண்டை போட்டுக்கொள்ளட்டும். “பெருசா இருந்தா மிதக்கும்” என்று யாராவது ஒருவர் சொல்வார், அதையும் மறுக்க வேண்டாம்.

அடுத்து சின்ன பாட்டிலைக் காலி செய்து, மணலைக் கரண்டி கரண்டியாகப் போட்டு ஒவ்வொரு முறையும் மிதக்கவிடுங்கள். பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டே வரும். மூழ்கிய அந்தக் கணத்தில் எடுத்துத் துடைத்து எடை போடுங்கள். 100ஐத் தாண்டி 110, 115 கிராம் என்று ஏதோ ஓர் எண் வரும். அதை எழுதி வைத்துவிட்டு, மணலைக் கொட்டி ஆணி போட்டுச் செய்யுங்கள். பாட்டில் பாதி நிறையும் முன்பே மூழ்கும், ஆனால் மூழ்கும்போது எடை அதே 110, 115தான். அரிசியைப் போட்டால் முழுக்க அடைத்தாலும் மிதக்கக்கூடும், ஏனென்றால் அந்த எண்ணை அது தொடவே இல்லை.

அந்த எண் என்ன என்று இப்போது கேட்கலாம். 1 மி.லி. தண்ணீர் 1 கிராம். பாட்டில், அதன் மூடி, பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து தண்ணீரில் எவ்வளவு இடம் அடைக்கிறதோ, அத்தனை இடத்துத் தண்ணீரின் எடைதான் அது. பெரிய பாட்டிலுக்கு அந்த எல்லை 1000 கிராமுக்கும் மேலே. அதனால்தான் 800 கிராம் மிதந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளிடம் இதை அடர்த்தி என்று பெயர் சொல்லலாம். அதற்குக் கீழே பெயர் தேவையில்லை, “அதே அளவு தண்ணி எவ்வளவு?” என்ற கேள்வி போதும்.

பெரிய பாட்டில் மூழ்கிவிட்டது

மணல் ஈரமாக இருந்திருக்கும். கரையிலிருந்து அள்ளி வந்த ஈர மணல் பாதி பாட்டிலிலேயே எல்லையை நெருங்கிவிடும். வெயிலில் காயப்போட்டு எடுங்கள். மூடி கசிகிறதா என்றும் பாருங்கள். பாட்டில் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து கிடப்பது கோளாறு இல்லை, மணல் எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கம் கீழே போகும்.

“பிளாஸ்டிக் மிதக்கும், கல் மூழ்கும், மரம் மிதக்கும்” என்று பெயரை வைத்தே சொல்கிறது

பொருளின் பெயரே காரணம் என்று பிள்ளை நினைக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டை எதிரெதிராக நிறுத்துங்கள். தண்ணீர் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு துண்டு வெட்டுங்கள், அதன் மூடியைத் தனியாக எடுங்கள். இரண்டும் பிளாஸ்டிக்தான். மூடி மிதக்கும், பாட்டில் துண்டு மூழ்கும். பாட்டிலுக்கு ஆகும் பிளாஸ்டிக் தண்ணீரைவிட 1.38 மடங்கு எடை கூடியது, மூடிக்கு ஆகும் பிளாஸ்டிக் தண்ணீரைவிடச் சற்றே குறைந்தது. வெட்டிய துண்டு மேலேயே நின்றால் விரலால் ஒரு முறை அமுக்கிவிடுங்கள், அதன் காரணம் சிப்பியின் தலைப்பில் வருகிறது.

இதைவிட நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுவது கயிறு. நைலான் கயிற்றுத் துண்டு மூழ்கும், பாலிபுரொப்பிலீன் கயிற்றுத் துண்டு மிதக்கும். எந்த வேலைக்கு எந்தக் கயிறு என்று கேட்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்விக்கு நம்மைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள்.

மரத்துக்குக் கருங்காலி சரியான எதிர் உதாரணம். மணி மாலையிலிருந்து உதிர்ந்த உண்மையான கருங்காலி மணி ஒன்று கிடைத்தால் போட்டுப் பாருங்கள், மூழ்கும். மரத்தின் நாரும் சுவரும் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு எடை உள்ளவை. அவற்றுக்கு நடுவே இருக்கும் வெற்றிடங்களில் காற்று இருப்பதால்தான் சாதாரண மரம் மிதக்கிறது. கட்டுமரத்தைக் கரையேற்றி, கட்டை அவிழ்த்துக் காயவைப்பதும் இதனால்தான். ஊறிய கட்டையில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்.

கடல் தண்ணீரிலும் முட்டை மூழ்குகிறது

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று புத்தகம் சொல்கிறது. கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு வாளி மொண்டு வந்து போடுகிறீர்கள். முட்டை நேராக அடியில் போய் உட்காருகிறது. உள்நாட்டில் இருக்கும் ஆசிரியருக்கு வராத கோளாறு இது, நமக்குத்தான் வரும். முட்டை நல்ல முட்டை, தண்ணீரும் நல்ல கடல் தண்ணீர், கணக்கு மட்டும் போதவில்லை.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த 1 லிட்டரின் எடை ஏறக்குறைய 1025 கிராம். 60 கிராம் எடையுள்ள புது முட்டை அடைக்கும் இடம் 55 மி.லி. அந்த 55 மி.லி. இடத்தில் கடல் தண்ணீர் இருந்தால் எடை 57 கிராம் கூட வராது. முட்டை 60. மூழ்கத்தானே செய்யும்.

சரி, எவ்வளவு உப்பு வேண்டும்? கால் லிட்டர் சாதாரணத் தண்ணீருக்கு 40 கிராம் போட்டால் புது முட்டையும் தலைகாட்டும். கல் உப்பு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். அடியில் கரையாமல் கிடக்கும் உப்பு முட்டையைத் தூக்காது. ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு முறை முட்டையை இறக்கிப் பார்த்தால், மூழ்குவதிலிருந்து தத்தளித்து மேலே வரும் இடத்தைப் பிள்ளைகள் கண்ணால் பிடிப்பார்கள். மொத்தமாகக் கொட்டிவிட்டால் அந்த இடம் தெரியாமல் போய்விடும்.

முட்டை மேலும் வராமல் கீழும் போகாமல் நடுவில் நின்றால், அடியில் உப்பு கூடிய தண்ணீரும் மேலே குறைந்த தண்ணீரும் தனித்தனி அடுக்காக நிற்கின்றன என்று பொருள். கலக்கினால் சரியாகும். ஆனால் கலக்காதீர்கள், அது அழகான காட்சி, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வேண்டுமென்றே செய்யவும் முடியும். அடியில் முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பு போட்ட தண்ணீர், அதன்மேல் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து மெதுவாகக் குடிதண்ணீர்.

குடிதண்ணீரிலேயே முட்டை மிதந்தால் அது பழைய முட்டை. ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகி, உள்ளே காற்றறை பெரிதாகியிருக்கும். அதைப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் உப்பளத்தை விட்டுவிட மனம் வராது. பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு உப்புச் செறிவின் ‘டிகிரி’ பார்க்கும் கண்ணாடிக் குழாயை வாலிநோக்கம் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கடல் தண்ணீர் 3 டிகிரியை ஒட்டி இருக்கும், உப்பு பூக்கத் தொடங்குவது 25 டிகிரியை ஒட்டி. அந்தத் தண்ணீரின் எடை லிட்டருக்கு 1200 கிராமுக்கும் மேலே, முட்டை அதில் பந்துபோல் மிதக்கும். இந்தக் கருவியை வகுப்பிலேயே செய்யலாம். ஒரு நீளமான ஸ்ட்ராவின் அடியை மெழுகால் அடைத்து, உள்ளே சின்ன ஆணிகளைப் போட்டு, நிமிர்ந்து மிதக்கும்படி செய்யுங்கள். சாய்ந்தால் இன்னும் ஓர் ஆணி. குடிதண்ணீரில் 15 செ.மீ. அமிழ்ந்து நின்றால், கடல் தண்ணீரில் 4 மி.மீ. அளவுதான் உயரும். வித்தியாசமே இல்லை என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான், மெல்லிய பேனாவால் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குப் போட்ட தண்ணீரில் இரண்டரை செ.மீ. உயரும், அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த 4 மி.மீ. சின்னதுதான் என்றாலும் கடலில் அதற்குப் பலன் உண்டு. 40 கிலோ எடையுள்ள பிள்ளை குளத்தில் இருப்பதைவிடக் கடலில் இருக்கும்போது தண்ணீர் சுமார் 1 கிலோ கூடுதலாகத் தாங்குகிறது.

சிப்பி மிதக்கிறது, ஜெம் கிளிப்பும் மிதக்கிறது

சிப்பி ஓடு தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் எடை. அது மிதந்தால் வேறு ஏதோ தாங்குகிறது. சின்னச் சிப்பி குழி மேலே பார்க்க விழுந்தால் குட்டிப் படகாகிவிடும். நத்தை ஓடு, சின்னச் சங்கு என்றால் சுருளுக்குள் காற்று சிக்கியிருக்கும். தண்ணீருக்குள் அமுக்கித் திருப்பித் திருப்பி விடுங்கள், குமிழி வந்ததும் மூழ்கும். குமிழி வருவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், அதுதான் இங்கே பாடம்.

ஜெம் கிளிப் வேறு. அது தண்ணீருக்குள் போகவே இல்லை, தண்ணீரின் மேற்பரப்பில் படுத்திருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அதைச் சுற்றித் தண்ணீர் குழிந்திருப்பது தெரியும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் உடனே போய்விடும். மேற்பரப்பின் இழுவிசை என்று பிறகு படிப்பார்கள். இப்போதைக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: எதையும் ஒரு முறை விரலால் முழுக்க அமுக்கிவிட்டு விட வேண்டும், திரும்பி மேலே வந்தால்தான் மிதந்ததாகக் கணக்கு.

கசக்கிய அலுமினியத் தாள் உருண்டை மிதப்பதும் உள்ளே அடைபட்ட காற்றால்தான். விரித்து, மடித்து மடித்து அழுத்தித் தட்டினால் மூழ்கும்.

“அந்தக் கல்லு மட்டும் எப்படி சார் மிதக்குது?”

ராமேஸ்வரத்தில் தொட்டித் தண்ணீரில் மிதக்கும் கல்லைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை இதைக் கேட்காமல் இருக்காது. மழுப்பவும் வேண்டாம், பிள்ளையின் வீட்டு நம்பிக்கையோடு வாதம் செய்யவும் வேண்டாம். கல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் நம் வகுப்பின் வேலை.

மிதக்கும் கற்கள் உலகில் உண்டு. எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகிய நுரைக்கல் மிதக்கும். காய்ந்த பவளக் கல்லில் கண் கண்ணாக இடைவெளி இருக்கும், அதில் காற்று வெளியேற முடியாதபடி அடைபட்ட துண்டுகள் மிதக்கும். பெரும்பாலான பவளத் துண்டுகள் மூழ்கிவிடும். இதைக் காட்டுவதற்காகப் பவளத்தை எடுத்து வரச் சொல்லாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவது, கரையில் செத்துக் கிடந்தாலும் எடுக்கக்கூடாது.

பவளம் இல்லாமலே இந்தப் பாடத்தை இன்னும் நன்றாக நடத்த ஒன்று இருக்கிறது. கணவாய் மீனின் ஓடு. கரையில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும், கிடைக்கவில்லை என்றால் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். சிப்பி ஓடும் பவளமும் கணவாய் ஓடும் ஒரே சரக்கு, மூன்றும் கால்சியம் கார்பனேட். ஆனால் கணவாய் ஓடு தக்கையாக மிதக்கும். உடைத்து ஓரத்தை வெயிலில் காட்டினால் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக நிற்பது தெரியும், நடுவிலெல்லாம் வெற்றிடம். ஓட்டின் பத்தில் ஒன்பது பங்கு அந்த வெற்றிடம்தான்.

அதில் ஒரு துண்டை நைசாகப் பொடித்து, தண்ணீருள்ள சின்ன பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். பொடி அடியில் படியும். கொஞ்சம் மேலேயே நின்றால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி குலுக்குங்கள். சற்றுமுன் மிதந்த அதே பொருள், அதே எடை. குறைந்தது அது அடைத்த இடம் மட்டும். மிதக்கும் கல் பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து கிடையாது. உயிரோடு இருக்கும்போது கணவாய் இந்த அறைகளுக்குள் நீரை விட்டும் இறைத்தும்தான் தன்னை மேலே கீழே நிறுத்திக்கொள்கிறது என்பதையும் சொல்லுங்கள், பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

“காற்று இருந்தால்தான் மிதக்கும்”

மேலே உள்ள பாடத்தை நன்றாக நடத்தினால் அடுத்து இந்தக் கோளாறு வரும். மெழுகுவர்த்தித் துண்டு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், ஐஸ் மூன்றையும் போடுங்கள். மூன்றிலும் அடைபட்ட காற்று தேவையில்லை, அவையே தண்ணீரைவிட எடை குறைந்தவை. மீன் பெட்டி ஐஸில் தெளிவான துண்டாகப் பார்த்து எடுத்தால் நல்லது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள்ளும் ஒரு பங்கு வெளியிலும் நிற்கும்.

இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது என்று புரியவில்லை

எவர்சில்வர் கரண்டி மூழ்குகிறது, எவர்சில்வர் கிண்ணம் மிதக்கிறது. இதைக் காட்டிவிட்டு நிறுத்தினால் “வடிவம்தான் காரணம்” என்று பிள்ளை எழுதிக்கொள்ளும். எண்ணோடு காட்டுங்கள். கிண்ணத்தின் எடை 150 கிராம், விளிம்புவரை 600 மி.லி. பிடிக்கும் என்று வையுங்கள். அப்படியானால் இன்னும் 450 கிராம்வரை ஏற்றலாம். சின்னக் கற்களைச் சமமாக அடுக்கி எவ்வளவில் மூழ்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கணக்குக்குச் சற்று முன்பே மூழ்கும், ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிடுவதுதான் காரணம். ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு புறப்படும் விசைப்படகு எவ்வளவு தாழ்ந்து போகிறது என்று அவர்களுக்கே தெரியும்.

களிமண் படகு மூழ்கினால் சுவர் தடிமனாக இருக்கிறது. மெல்லியதாக, அகலமாக வனையச் சொல்லுங்கள். கரைந்துபோனால் காயவைத்து மெழுகு தடவுங்கள்.

“ஓட்டை இருந்தால் மூழ்கும்”, “தண்ணீர் நிறைய இருந்தால் மிதக்கும்”

இரண்டும் படகைப் பார்த்து வந்தவை, சீக்கிரம் தீரும். தெர்மாகோல் துண்டில் ஓட்டை போடுங்கள், அது பாட்டுக்கு மிதக்கும். கிண்ணத்தில் ஓட்டை விழுந்தால்தான் ஆபத்து, காற்று இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். தண்ணீரின் அளவுக்கு, ஒரே முட்டையை ஜாடியிலும் தொட்டியிலும் போட்டுக் காட்டுங்கள், இரண்டிலும் மூழ்கும். ஓதம் வற்றும்போது பாக்கு நீரிணைப் பக்கம் வள்ளம் தரைதட்டுவதைப் பார்த்த பிள்ளை வாதாடும். வள்ளம் அமிழும் ஆழம்கூட அங்கே இல்லை என்பதுதான் விஷயம் என்று விரலால் அளந்து காட்டுங்கள்.

மூழ்கும் பொருளைத் தண்ணீர் தாங்கவே இல்லை என்று நினைக்கிறது

நங்கூரம் தூக்கிய பிள்ளை இருந்தால் அதைப் பேசவிடுங்கள். தண்ணீருக்குள் வரும்வரை ஒரு கனம், மேலே வந்ததும் இன்னொரு கனம். இதையே வகுப்பில் காட்ட, கருங்கல் ஒன்றை நூலில் கட்டி ரப்பர் பேண்டில் தொங்கவிட்டு மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். ரப்பர் சுருங்குவது தெரியும். தெரியவில்லை என்றால் கல் சின்னது அல்லது ரப்பர் தடித்தது. அரைக் கிலோ கல்லுக்கு மெல்லிய ரப்பர் இரண்டு மூன்றைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளுங்கள். கல் தரையில் முட்டக்கூடாது. 1 கிலோ கருங்கல் அடைக்கும் இடம் 370 மி.லி. அளவு. தண்ணீருக்குள் அது 630 கிராம் போலத்தான் இழுக்கும்.

வழிந்த தண்ணீரின் எடை பொருந்தவில்லை

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும் என்பதைச் சரிபார்க்க, பாத்திரத்தைத் ததும்ப நிரப்பி வழிவதை எடை போடுவார்கள். பெரும்பாலும் குறைவாக வரும். தண்ணீர் விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும், வெளிச்சுவரில் ஒட்டிக்கொள்ளும், தட்டில் கொஞ்சம் தங்கும். பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியில் வெட்டி, பக்கவாட்டில் துளையிட்டு ஸ்ட்ரா செருகி, ஓரத்தை மெழுகால் அடையுங்கள். துளைக்கு மேலே ஊற்றி, சொட்டு நிற்கும்வரை காத்திருந்து, பிறகு பொருளை வையுங்கள். ஐந்து கிராம் முன்பின் வந்தால் சரியென்று விடுங்கள்.

நடுத்தண்ணீரில் நிறுத்த முடியவில்லை

மேற்பரப்பில் போடும் வலையும் அடியில் இறங்கும் வலையும் மிதவைக்கும் ஈயத்துக்கும் உள்ள கணக்கில்தான் வேறுபடுகின்றன. அதைப் பார்த்த பிள்ளைகள் தெர்மாகோலும் நட்டும் கட்டி நடுவில் நிறுத்தப் பார்ப்பார்கள். நிற்கவே நிற்காது. தெர்மாகோல் துளி கூடினால் மேலே, துளி குறைந்தால் கீழே. இது அவர்கள் குற்றம் இல்லை, அந்தச் சமநிலை அவ்வளவு நுட்பமானது.

அதற்குப் பதில் தக்காளி சாஸ் பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் பாட்டிலில் போட்டு, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி மூடி, பாட்டிலை அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கினால் பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று சுருங்கி மூழ்கும், விட்டால் மேலே வரும். எவ்வளவு அமுக்கியும் மூழ்கவில்லை என்றால் பாட்டிலில் தண்ணீர் குறைவு, இல்லையென்றால் பாக்கெட்டில் காற்று அதிகம், ஒரு ஜெம் கிளிப்பை மாட்டிவிடுங்கள். போட்டதுமே மூழ்கினால் வேறு பாக்கெட்.

இது ஓடத் தொடங்கியதும் மீன் நெட்டியைப் பற்றிப் பேசுங்கள். பல மீன்கள் அந்தக் காற்றுப்பையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும்தான் நினைத்த ஆழத்தில் நிற்கின்றன. ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த களவாவின் வாயில் குடல்போல ஒன்று பிதுங்கியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். மேலே வரவர நெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வயிற்றை வெளியே தள்ளியிருக்கிறது. சுறாவுக்கும் திருக்கைக்கும் நெட்டி கிடையாது. சுறா எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலால் ஓரளவு சமாளிக்கிறது, நீந்துவதை நிறுத்தினால் கீழே போய்விடும். கடல் பசுவுக்கு இதன் நேர் எதிரான தேவை, அடியில் புல் மேய வேண்டும். அதற்கு ஏற்றாற்போல் அதன் விலா எலும்புகள் தடித்து, கனத்துக் கிடக்கின்றன. முன்காலத்தில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்கியதும் அதே காரணத்துக்காகத்தான்.

தொட்டியில் சரியாகச் சொல்கிறது, புதிய பொருள் என்றால் தடுமாறுகிறது

விடையை மனப்பாடம் செய்திருக்கிறது. இதுவரை போடாததைக் கொடுத்து, போடும் முன்பே காரணத்தோடு எழுதவையுங்கள். வீட்டிலேயே நல்ல சாமான்கள் உண்டு. காய்ந்த முண்டு மிளகாயை முழுசாகவும், கிழித்து விதையைத் தனியாகவும். உரிக்காத கமலா ஆரஞ்சும் உரித்ததும். உரித்தது மூழ்க வேண்டும், மிதந்தால் சுளைகளுக்கு நடுவில் காற்று நிற்கிறது, பிரித்துப் போடுங்கள். பாதிக் கொட்டாங்கச்சியும், அதிலிருந்து நார் சுரண்டி எடுத்த சில்லும். உருளைக்கிழங்கும் வெங்காயமும்.

எழுதியது நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்பதைவிட, காரணத்தில் அதே அளவு தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போதும், விடை தப்பாக இருந்தாலும் விட்டுவிடலாம். “லேசு” என்று மட்டும் இருந்தால், அந்தப் பிள்ளையோடு மட்டும் மறுபடி மணல் பாட்டிலுக்குப் போங்கள். பாடம் முடிந்ததும் உப்புத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம், ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள், அடுத்த வகுப்புக்கு அதே உப்பு ஆகும்.